கதவில் ஒட்டப்பட்டது

செவ்வந்தியேந்தலில் எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. நிலை உண்டு, நிலைக்கு மேலே வேப்பிலைக் கொத்து உண்டு, மானத்துக்கு ஒரு பழஞ்சேலையோ சாக்கோ தொங்கும், கோழி புகாமல் இருக்க ஓலைத் தட்டி சாத்தியிருக்கும். ஆனால் கீலும் தாழும் பூட்டும் வைத்து மனிதனை மனிதன் வெளியே நிறுத்துகிற அந்தப் பொருள் எங்கள் எல்லையில் காவல் நிற்கும் கருப்பனுக்கு அவமானம் என்பதால் யாரும் வைத்ததில்லை. ஆகவே மிளகாய் பறித்துவிட்டுக் கையெரிச்சலோடு வந்த முத்திருளாயி சின்னம்மா தன் வீட்டு வாசலில் ஒரு கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்த அன்று, அதைத் தட்ட வேண்டும் என்பதுகூட ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பச்சைக் கதவு. சர்க்கார் கட்டடங்களுக்கு அடிப்பார்களே, வேறு எந்த இலையிலும் இல்லாத பச்சை, அந்தப் பச்சை. நெஞ்சு உயரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, பசை இன்னும் காயாமல் அதில் ஈ மொய்த்தது. சின்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தொடுவதுபோல அதைத் தொட்டாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "வாங்க" என்றது.

வெளியே நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள், கூப்பிட்டால் போவதுதானே மரியாதை. வைத்த காலை எடுப்பதற்குள் குரல் தன் வாக்கியத்தை முடித்தது.

"மாட்டேன்."

பக்கத்து வீட்டுப் பூமயில் சின்னம்மாவின் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏத்தா, நீ இங்கனதான நிக்கிற? உள்ள பேசுறது உன் தொண்டையாட்டம்ல இருக்கு."

சின்னம்மா தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

காரணம் கேட்பீர்கள். மந்திரம், செய்வினை என்று எதையாவது எதிர்பார்க்காதீர்கள், காரணம் வெறும் முழங்கால் வலி. தாலுகா கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற சேவகர் பாக்கியநாதன், ஊரெல்லாம் அமீனா என்று கூப்பிடுகிற மனிதர், மெயின் ரோட்டு விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு நிழலே இல்லாத கருவேலங்காட்டுப் பாதை எவ்வளவு நீளம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "பிரதிவாதி முத்திருளாயி வீட்டில் இருந்தார், வாங்க மறுத்தார், ஆகவே வெளிக்கதவில் ஒட்டப்பட்டது" என்று எழுதினார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். டீ ஆற்றுகிறவர் ஒரு கையெழுத்து, எங்கள் ஊர் மொட்டையசாமி ஒரு கையெழுத்து. தன் ஊரில் கதவே இல்லை என்பது மொட்டையசாமிக்குத் தெரியாதா என்றால் தெரியும், ஆனால் குடித்த டீக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா, அதற்காகப் போட்டான். சேவகர் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டால், அது நடந்ததாகக் கருதப்படும் என்கிறது சட்டம். யார் கருதுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நாற்காலி கருதுகிறது, முத்திரை கருதுகிறது, மேலே சுற்றுகிற காற்றாடி கருதுகிறது, இப்படிக் கருதிக் கருதிக் கடைசியில் கதவு வந்துவிட்டது, கதவுக்குப் பின்னால் வாங்க மறுக்கிற ஒருத்தியும் வந்துவிட்டாள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எனக்கு ஆச்சரியமில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

வழக்குப் போட்டவர் ராஜமாணிக்கம். எங்கள் ஊரைச் சுற்றி இருந்த மானாவாரி நிலமெல்லாம் வாங்கி வெயில் பிடிக்கிற கண்ணாடிகளை நட்டுக்கொண்டே வந்தவர், நடுவில் சின்னம்மாவின் மிளகாய்க் கொல்லையும் கிணறும் வீடும் பல்லில் சிக்கிய நார்போல நிற்பதைப் பார்த்து, சின்னம்மாவின் புருஷன், இறந்துபோன சேதுராமு சித்தப்பா, உயிரோடிருக்கும்போதே அதை விற்க ஒப்பந்தம் போட்டுக் கைரேகை வைத்ததாக ஒரு காகிதம் கொண்டுவந்தார். சித்தப்பா கையெழுத்துப் போடுகிறவர், அதுவும் சுழித்துச் சுழித்து, கோடு போடாமலே கோலம் மாதிரி. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் சின்னம்மா கோர்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும். சம்மனையே வாங்க மறுத்தவள் எப்படி வந்து நிற்பாள்? வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. நிலம் போச்சு, கிணறு போச்சு, வீடு போச்சு.

முதலில் ஊர் பயந்தது. கோடாலி எடுத்த இளவட்டங்களைக் குறி சொல்லும் கோடாங்கி மறித்து, "கருப்பன் விடாம இந்த எல்லைக்குள்ள ஈ எறும்பு நுழையாது. இது நுழைஞ்சிருக்குன்னா அவன் விட்டுருக்கான். அவன் விட்டத வெட்டுறதுக்கு நீ யாருடா?" என்று கேட்டார், கோடாலி திரும்பிப் போனது. கூரையேறி ஓட்டைப் பிரித்துப் பார்த்தவன், பட்டப்பகலில் உள்ளே கிணற்று இருட்டு என்று சொல்லிவிட்டுப் பிரித்த ஓட்டைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கினான். சின்னம்மா கிணற்றடி மோட்டார்க் கொட்டகையில் பாயை விரித்தாள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாம் உள்ளே தகரப் பெட்டியில்.

அப்புறம் ஊர் பழகியது. பயத்தைவிட எனக்குப் பயமாக இருந்தது இந்தப் பழக்கம்தான். காலையில் ஆடு பத்திப் போகிறவர்கள் காறித் துப்பிவிட்டுக் கடந்தார்கள், பிறகு துப்பாமல் கடந்தார்கள், பிறகு நின்று பேசிவிட்டுக் கடந்தார்கள். பிள்ளைகள் கொடுக்காப்புளியை நீட்டி, "இந்தா அக்கா" என்பார்கள், உள்ளேயிருந்து "வாங்க மாட்டேன்" வரும், கும்மாளமிட்டு ஓடுவார்கள். தங்கச்சியின் விருப்பமில்லாமல் நிச்சயித்த சம்பந்தத்தின் பூத்தட்டை ஒரு அண்ணன்காரன் விளையாட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்கு முன் வைத்தான். குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அவ்வளவுதான். வேண்டாத மாற்றல் உத்தரவு, வேண்டாத பங்காளிச் சமாதானம், வேண்டாத ஊரிலிருந்து வந்த வேண்டாத விருந்தழைப்பு என்று அடுத்த ஊர்க்காரர்கள், அதற்கடுத்த ஊர்க்காரர்கள், ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். மொட்டையசாமி தென்னங்கீற்றில் பந்தல் போட்டான், மணி கட்டினான், "மறுத்தாளம்மன்" என்று பலகை எழுதினான், தானே பூசாரியானான். சம்மன் காகிதத்தின்மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி, எந்தத் தேதிக்கு எந்தக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறது என்பது ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் போனது.

நான் மதுரையிலிருந்து பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து இறங்கியபோது எங்கள் அம்மா சாதாரணமாகச் சொன்னாள், "வெளியவளுக்கு ரெண்டு இட்லி கொண்டுபோயிக் கொடுத்துரு."

"யாரு வெளியவ?"

"உங்க சின்னம்மாதான். உள்ளவதான் எதுவும் வாங்க மாட்டாளே."

கூடப் பிறந்த தங்கையை! சண்டை பிடித்தேன், அம்மா கண்ணைக் கசக்கினாள், "எல்லாரும் அப்பிடித்தான்டி சொல்லுறாக, வாயில வந்துருச்சு" என்றாள். ஊரின் அத்தனை வாய்க்கும் அப்படி வந்துவிட்டிருந்தது. இருவரில் ஒருத்தியைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட முடியும் என்கிறபோது, ஊர் யோசிக்காமலே காகிதத்தில் இருந்தவளை எடுத்துக்கொண்டது.

சின்னம்மா கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே இருப்பவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அடுப்படியில நாலு முட்ட வச்சிருந்தேன். எடுத்துத் தின்னு, வீணாப் போயிரும்."

"வாங்க மாட்டேன்."

"கருவாடு பானைக்குள்ள இருக்கு."

"வாங்க மாட்டேன்."

"பாரு," என்று என்னிடம் திரும்பிச் சிரித்தாள் சின்னம்மா, "எம் பிடிவாதம் அப்பிடியே இருக்கு." சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்டி, இவ சாப்பிடலையே. நான் ஏன் எளைச்சுக்கிட்டே போறேன்?"

உண்மைதான். வளையல் முழங்கைவரை ஏறிப் போனது. நண்பகல் வெயிலில் நிழல்கூட வெளுத்து, தண்ணீர் கலந்த மை போலக் கிடந்தது.

நான் நேரே மொட்டையசாமியிடம் போனேன். நெற்றி நிறைய குங்குமத்தோடு மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, படிச்ச புள்ள. அம்மனுக்கு என்ன கொண்டாந்தீக?"

"ஒரு கேள்வி கொண்டாந்தேன். கதவில்லாத ஊர்ல கதவுல ஒட்டுனத நீங்க எங்க நின்னு பாத்தீக, சித்தப்பு?"

"ஆரம்பிச்சுட்டியா?" என்றான். "இப்ப இருக்கா இல்லையா கதவு? தொட்டுப் பாரு. நான் பொய்ச் சாட்சி சொல்லல, கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அம்புட்டுத்தான்."

"பொய்யச் சொல்லிட்டு அது மெய்யாகுற வரைக்கும் காத்திருந்தா அதுக்குப் பேரு முந்திச் சொல்லுறதா?"

"உலகத்துல எல்லாம் அப்பிடித்தான ஆத்தா நடக்குது," என்று மணியை ஆட்டினான்.

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நான் திரும்பவில்லை, நிறையச் சொன்னேன், மணிச்சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

கோர்ட்டுக்குச் சின்னம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். சேவகர்களின் அறையில் ஒரு குமாஸ்தா வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "சம்மன் சார்வு ஆயிருக்கேம்மா. மறுத்திருக்காங்க, ஒட்டியிருக்கு."

"மறுத்ததாச் சொல்லுறவங்க இந்தா நிக்கிறாங்க சார்."

குமாஸ்தா நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம், "லைட்டப் போடுய்யா" என்றார்.

நீதிபதி அம்மாவின் முன்னால் நாங்கள் அமர்த்திய வக்கீல் நன்றாகத்தான் வாதாடினார்: அந்த ஊரில் கதவே வைக்கிற வழக்கமில்லை, இல்லாத கதவில் ஒட்டியதாகச் சொல்வது பொய். ராஜமாணிக்கத்தின் வக்கீல் எழுந்து, "அந்த வீட்டில் இன்று கதவு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

"இருக்குங்க," என்றாள் சின்னம்மா.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

"இருக்காங்க."

"யார்?"

சின்னம்மா பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் பொய் சொல்லி இத்தனை பெரிய கதவு செய்யும்போது, அவள் ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். "நாந்தானுங்க," என்றாள்.

சிரித்தவர்களை நீதிபதி அம்மா அதட்டினார். பேனாவை மூடித் திறந்து மூடி யோசித்துவிட்டு உத்தரவு சொன்னார்: அதே சேவகர் நேரில் அந்த ஊருக்குப் போக வேண்டும், ஊரார் முன்னிலையில் முத்திருளாயி யார் என்று அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், காட்டப்பட்டவர் கையில் சம்மனைக் கொடுக்க வேண்டும். இந்த முறையும் மறுத்தால், வழக்கு ஒருதலையாக முடியும்.

பாக்கியநாதன் பிழைப்பில் முதல் தடவையாகச் செவ்வந்தியேந்தலுக்குள் நடந்து வந்தார். முழங்காலில் துண்டைக் கட்டியிருந்தார். பந்தலுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது, ஷேர் ஆட்டோவில் வந்த வெளியூர்க்காரர்களும் நின்றார்கள். பாக்கியநாதன் கதவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க செஞ்ச கதவுதான், செருப்போடயே வரலாம்," என்றேன்.

தான் எழுதிய வாக்கியத்தை ஆளுயரத்துக்குப் பார்த்துவிட்ட மனிதர் என்ன சொல்வார்? காகிதத்தை எடுத்து, "முத்திருளாயி, கணவர் பெயர் சேதுராமு. யாரு, அடையாளம் காட்டுங்க," என்றார்.

ஒருவரும் விரல் நீட்டவில்லை. ஊர் கெட்டதென்று நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும்: உள்ளே இருப்பவள் முத்திருளாயி இல்லையென்றால் அவள் யாரும் இல்லை, அம்மன் இல்லை, பந்தல் இல்லை, தங்கச்சிக்கு நின்ற கல்யாணம் மறுபடி நடந்துவிடும். பூமயில் தரையைப் பார்த்தாள். கோடாங்கி வானத்தைப் பார்த்தார். மொட்டையசாமி முன்னால் வந்து, தயங்காமல், கதவைக் காட்டினான்.

"உள்ள இருக்காக."

"பொய்!" என்று கத்தினேன். "இந்தா நிக்கிறவதான் என் சின்னம்மா."

"சொந்தக்காரவுக சொன்னாச் செல்லாது," என்றான் மொட்டையசாமி. "இல்லையா சார்?"

பாக்கியநாதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், கதவின் பக்கம் போனார். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் அதற்கு முன் கேட்டதேயில்லை: விரல் முட்டியை மடக்கி, மரத்தில், தட்டினார். கூட்டம் முழுவதும் பின்வாங்கியது. சம்மனைக் கதவை நோக்கி நீட்டினார், உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது, சொல்லப்போகிறாள், சொல்லிவிட்டால் முடிந்தது.

சின்னம்மா இடையில் போய் நின்றாள். இப்போது அவளுக்கு ஊடாகக் கதவின் பச்சை லேசாகத் தெரிந்தது, கூட்டத்தில் ஒரு குழந்தை அதைப் பார்த்து வீறிட்டது. அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கதவில் நெற்றியைச் சாய்த்தாள்.

"என்னால முடியலடி," என்றாள். "ஊரும் உன்னத்தான் சொல்லுது. கோர்ட்டும் உன்னத்தான் சொல்லுது. வீடு உனக்கு இருக்கட்டும். கெணறு உனக்கு இருக்கட்டும். எங்கப்பன் வச்ச பேரு ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம், முத்திருளாயிங்கிற பேரு, அதையும் நீயே வச்சுக்க. இந்தா."

தந்திரமில்லை, சத்தியமாகக் கொடுத்தாள். கையை நீட்டி, உள்ளங்கையில் ஏதோ இருப்பதுபோல ஏந்தி, கதவருகே கொண்டுபோனாள்.

காற்று நின்றது. பந்தல் மணி தானாக ஒரு தடவை ஆடி நின்றது. உள்ளே இருந்தவள் உடனே மறுக்கவில்லை, அத்தனை மாதங்களில் அவள் யோசித்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

"வாங்க மாட்டேன்."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு பாக்கியநாதனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கேட்டீங்கள்ல? பேர வாங்க மாட்டேங்கிறா! முத்திருளாயிங்கிற பேரே தனக்கு வேண்டாங்கிறா! ஊரே சாட்சி. உள்ள இருக்கிறது முத்திருளாயி இல்ல. எழுதுங்க சார். நீங்க எழுதினாத்தான நடக்கும், எழுதுங்க!"

"எப்பிடிம்மா எழுதுறது? இதுக்கு வாசகமே இல்லையே."

"வாசகம் இல்லாததுக்கெல்லாம் டீக்கடையில உக்காந்து எழுதத் தெரிஞ்சதுல்ல?"

மொட்டையசாமி, "அது செல்லாது, அது செல்லாது" என்று மணியை ஆட்டினான், ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து பூமயில் வந்து அவன் கையைப் பிடித்து மணியை நிறுத்தினாள். எல்லாரும் பார்க்கும்படி, நெஞ்சு உயரத்துக்குக் கையைத் தூக்கி, சின்னம்மாவைச் சுட்டிக் காட்டினாள்.

"இவதான் முத்திருளாயி. எனக்குச் சொந்தமில்ல, ரத்தமில்ல, வேலிச் சண்டையில என் மண்டைய ஒடச்சவ. எழுதிக்கங்க."

பாக்கியநாதன் சம்மனை நீட்டினார். சின்னம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கிய காகிதத்தின் கனத்தில் அவள் கை தாழ்ந்தது, தாழ்ந்த கையின் நிழல் மண்ணில் கறுப்பாக விழுந்தது, அதைத் தொடர்ந்து தோளின் நிழல், தலையின் நிழல். கையெழுத்துப் போட்டாள். வாய்தா தேதியை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள், மறந்துவிடக் கூடாதென்று. அவள் படித்து முடித்துத் திரும்பியபோது, வாசலில் நிலை இருந்தது, நிலைக்கு மேலே காய்ந்த வேப்பிலை இருந்தது, நிலைக்குள்ளே வீடு திறந்து கிடந்தது.

கூட்டம் கலைந்தது. மொட்டையசாமி பந்தல் கீற்றைப் பிரிக்காமல் அதனடியில் உட்கார்ந்திருந்தான். சின்னம்மா உள்ளே போனாள், நான் பின்னால் போனேன். பாத்திரங்கள் வைத்த இடத்தில் இருந்தன. தகரப் பெட்டி இருந்தது. பாய் சுருட்டியபடி, தூசி படிந்து, யாரும் விரிக்காமல் மூலையில் சாய்ந்திருந்தது. வாசலுக்கு நேரே, சாணம் மெழுகிய தரையில், இரண்டு பாதங்கள் பள்ளமாகக் குழிந்திருந்தன, சின்னம்மாவின் பாதங்கள்தான், சுண்டுவிரல் வளைவுகூட அப்படியே. வேறெங்கும் ஒரு காலடிகூட இல்லை. அத்தனை மாதமும் உள்ளே இருந்தவள் ஓரிடத்தில் நின்றபடியே இருந்திருக்கிறாள்.

சின்னம்மா மூலையிலிருந்த பாயை எடுத்து உதறி, அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் விரித்தாள். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்து பாயின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, அங்கே இல்லாத ஒருத்தியின் தோளைத் தொட்டு அமர்த்துவதுபோல, காற்றில் மெல்லக் கையை வைத்தாள்.

"எழுதுனவுக போயிட்டாக," என்றாள். "உக்காரு தாயி."